கவைக்கொம்பு மானும் நான்கு வயிறும்

"போச்சு! வண்டி இனி நகராது!" என்று கத்தினான் அமலதாஸ்.

அமெரிக்காவின் வயோமிங் பொட்டல்வெளி அது. வறண்டு கிடந்த ஓடையில் திடீரென்று வெள்ளம் புரண்டு வந்து, அவர்களுடைய வண்டியைச் சேற்றில் சாய்த்துவிட்டது. உணவுப் பெட்டியும் வெள்ளத்தோடு போயிற்று. மிஞ்சியவை முதுகுப்பைகள், தண்ணீர், துப்பாக்கி, அவன் மனைவி நப்பின்னையின் சமையல் பை. கைப்பேசியில் சிக்னலே இல்லை.

அவர்கள் தேடி வந்தது அமலதாஸின் தம்பி இருதயராஜை. விண்கல் விழுந்திருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று தனியாகக் கிளம்பியவன் திரும்பவில்லை. மீட்புப் படை வடக்கே தேடிக்கொண்டிருந்தது. "தெக்கால ஒரு ஊத்து இருக்குன்னு சொன்னாரு, அங்கதான் போயிருப்பாரு" என்று அடித்துச் சொன்னாள் இருதயராஜின் மனைவி பிரிஸ்கா. அவளும் கூட வந்திருந்தாள்.

திரும்பி நடந்தாலும் தூரம், முன்னே நடந்தாலும் தூரம். முன்னேதான் நடப்பது என்று முடிவாயிற்று.

மேடேறியதும் நப்பின்னை சட்டென்று குனிந்தாள். "ஏங்க, அங்க பாருங்க!"

கவைக்கொம்பு மான்! செம்மண் நிற உடல், வெள்ளை வயிறு, முன்பக்கம் கவை விட்ட கறுத்த கொம்பு. ஓட ஆரம்பித்தால் ஜீப்பே திணறும். அந்தப் பருவத்துக்கு ஒரு மான் சுட அமலதாஸிடம் உரிமம் இருந்தது. ஆனால் மறைந்து நெருங்க ஒரு புதர்கூட இடுப்புயரம் இல்லை.

"பிரிஸ்கா, உன் வெள்ளைத் துப்பட்டாவைத் தூக்கி ஆட்டு. அதுக்கு வேடிக்கை பார்க்கிற புத்தி ஜாஸ்தி" என்று கிசுகிசுத்தான் அமலதாஸ்.

துப்பட்டா காற்றில் படபடத்தது. மான் காதை நிமிர்த்தியது. ஓரடி வைத்தது, நின்றது, இன்னும் நெருங்கியது. டுமீல்! ஒரே குண்டில் சாய்ந்தது.

"அம்பது கிலோ கறி! பத்து நாளைக்குக் கவலையில்லை!" என்று துள்ளினான் அமலதாஸ்.

நப்பின்னை மணப்பாறையில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தவரின் மகள். மானின் முதுகிலும் தொடையிலும் கையை ஓட்டிப் பார்த்தாள்.

"உசுரோட இருந்தப்பதான் அம்பதுங்க. குடல், தோல், தலை, எலும்பெல்லாம் கழிச்சா இருபதுகூடத் தேறாது. குண்டு பாஞ்ச முன்னங்கால் சப்பையில ரத்தம் கட்டிருக்கு, அதையும் எடுத்தாகணும். பதினேழு வைங்க."

"ஒரு தொடையை மட்டும் வெட்டிக்கிட்டுப் போயிரலாம்க்கா. அவரு அங்க எப்படிக் கெடக்காரோ!" என்றாள் பிரிஸ்கா.

"பச்சைக் கறி இந்த வெயில்ல நாறிப்போயிரும். தம்பியையும் கூட்டிக்கிட்டு நாலு பேரு திரும்பணும். உப்புக்கண்டம் போட்டாத்தான் தாங்கும்."

"உங்களுக்குக் கறிதான் பெருசாப் போச்சு!" பிரிஸ்காவின் குரல் உடைந்தது.

நப்பின்னைக்குச் சுருக்கென்றது. ஒருவேளை இந்தத் தாமதமே அவன் உயிருக்கு உலை வைத்துவிட்டால்? என்றாலும் கத்தியை எடுத்தாள்.

முதலில் குடலை அகற்றினாள். உடல் சூடு இறங்காவிட்டால் கறி கெட்டுவிடும் என்று உடனே தோலை உரித்தாள். "முடி கறியில ஒட்டவே கூடாது, வீச்சம் ஏறிரும்!" என்று கணவனை அதட்டினாள். ஈரலையும் இதயத்தையும் சுட்டு அங்கேயே சாப்பிட்டார்கள். மற்றதை எலும்பு நீக்கி, விரல் கனத்தில் நீள நீளமாக அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கயிற்றில் தொங்கவிட்டாள்.

பொட்டல் காற்று சுரீரென்று வீசியது. அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு கயோட்டி பதுங்கி வந்தது, நரியைவிடப் பெரியது! அதுவரை முகம் திருப்பி உட்கார்ந்திருந்த பிரிஸ்கா கட்டையோடு பாய்ந்தாள். "போ நாயே! அது எங்க வீட்டுக்காரருக்கு!" விலங்கு வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

நன்றாகக் காய்ந்ததும் மொத்தக் கறியும் ஒரே பைக்குள் அடங்கிவிட்டது. ஐந்து கிலோ இருக்கும். விறுவிறுவென்று நடந்தார்கள்.

"ஓய்!" ஊற்றை நெருங்கியதும் பிரிஸ்கா போட்ட கூவலுக்குப் பாறையிடுக்கிலிருந்து ஈனஸ்வரத்தில் ஒரு குரல் பதில் தந்தது.

இருதயராஜ்தான்! கணுக்கால் வீங்கி, கன்னம் ஒட்டி, ஊற்றுத் தண்ணீரை மட்டும் குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிரிஸ்கா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பையிலிருந்து கை நிறையக் கறியை அள்ளினாள்.

"மொதல்லயே கறி வேணாம், வெறுவயிறு தாங்காது" என்று தடுத்தாள் நப்பின்னை. கறியைக் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றை வாய் வாயாகப் புகட்டினாள்.

"கல்லு கிடைச்சுதாடா?" என்றான் அமலதாஸ்.

"கல்லாவது மண்ணாவது! ஆளை விடுண்ணே!"

அவனைச் சுமந்து நடந்ததில் திரும்பும் பயணம் ஆமை வேகமாயிற்று. வேளைக்கு இவ்வளவுதான் என்று நப்பின்னை கறாராகப் பங்கு வைத்தாள். யாரும் முணுமுணுக்கவில்லை. மூட்டை நாளுக்கு நாள் சுருங்கியது. "அன்னிக்கு என் பேச்சைக் கேட்டிருந்தா, இந்நேரம் நாலு பேருமே விழுந்திருப்போம்க்கா" என்றாள் பிரிஸ்கா, நடந்தபடியே. நப்பின்னை அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

நெடுஞ்சாலை கண்ணில் பட்டது! தூரத்தில் மீட்புப் படையின் வண்டி ஒன்று ஹாரன் அடித்தபடி இவர்களை நோக்கித் திரும்பியது. இருதயராஜைக் கீழே இறக்கி உட்கார வைத்தார்கள்.

"அண்ணி, இன்னும் ஒரே ஒரு துண்டு கிடைக்குமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான் இருதயராஜ்.

நப்பின்னை பையைத் தலைகீழாகப் பிடித்து அவன் மடியில் கொட்டினாள்.

"எல்லாம் உனக்குத்தான். கணக்குப் பார்க்காமச் சாப்பிடு!"