ஐந்தாம் மாடித் தூசி

"அங்கேயே நில்லுங்க. ஒரு அடி எடுத்து வைக்காதீங்க."

மழைக்கோட்டோடு ஐந்தாம் தளத்து மொட்டைமாடிக்கு ஏறி வந்தவன் திகைத்து நின்றான். தகரச் சாய்ப்பின் கீழ், காற்றுத் தூசியை உறிஞ்சும் பெட்டியைத் திறந்து வைத்து, தூசி படியும் வடிதாளை இடுக்கியில் பிடித்தபடி ஆய்வுக்கூடத்துக்காரி முறைத்தாள்.

"எங்க வீட்டு மாடிங்க இது..."

"இருக்கட்டும். தண்ணி ஒட்டாம இருக்க உங்க கோட்டுல பூசியிருக்காங்களே, ஃப்ளோரின் ரசாயனம்... நான் காத்துல தேடுறதே அதைத்தான். கிட்ட வந்தா அளவு கெட்டுடும்."

அவன் இறங்கிப் போனான். கோட்டைக் கழற்றிவிட்டு, கொட்டும் மழையில் தெப்பமாக நனைந்துகொண்டு திரும்பி வந்தான்.

"இப்ப வரலாமா?"

இமையில் நீர் சொட்ட, குறும்பாகச் சிரித்த அந்தக் கண்கள்... அவள் கையிலிருந்து இடுக்கி நழுவப் பார்த்தது.

அதன்பின் திங்கட்கிழமைதோறும் அவள் வடிதாள் மாற்ற வரும்போதெல்லாம் அவனும் மாடியில் இருந்தான்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. அவள் அளந்த ஆறு கட்டடங்களில் அவன் வீட்டு மாடித் தூசியில்தான் அந்த ரசாயனம் மற்ற இடங்களைவிட நான்கு மடங்கு. எளிதில் சிதையாதது, உடம்புக்குள் போனால் லேசில் வெளியேறாதது. கீழ்த்தளத்தில் அவன் அப்பாவின் பட்டறை... மழைக்கோட்டுகளுக்குத் தண்ணீர் ஒட்டாத மருந்து அடிக்கும் பட்டறை.

மறைக்க மனம் வரவில்லை. சொன்னாள்.

அவன் முகம் இறுகியது. "முப்பது வருஷமா எங்கப்பா அங்கதான் மூச்சு விடுறார். ஊரைக் கெடுக்கிறவரா அவர்?"

"அப்படிச் சொல்லலை..."

அவன் நிற்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவன் மாடிக்கு வரவில்லை. அதற்கடுத்த திங்களும். தப்பாக அளந்திருப்போமோ என்று மறுபடி அளந்தாள். அதே எண். சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் வாரம் ஆய்வுக்கூட வாசலில் அவன், அப்பாவோடு. பெரியவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

"மருந்து அடிக்கிறதை நிறுத்திட்டேன்மா. என் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பார்க்க முடியுமா?"

அந்தக் கையை அவள் மெல்லப் பிடித்துக்கொண்டாள். "இங்க தூசி மட்டும்தாங்க. ரத்தம் பார்க்கிற இடம் தெரியும். நானே கூட வர்றேன்."

பெரியவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"உங்க மேல கோபம் இல்ல..." அவன் குரல் தணிந்தது. "பயம். அவரை நினைச்சு."

"எனக்கும் பயம்தான். உண்மையைச் சொல்லி உங்களை இழந்துட்டேனோன்னு..."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ரிசல்ட் வர்ற வரைக்கும் கூட இருப்பீங்களா?"

"அதுக்கு அப்புறமும்," என்றாள்.

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது... திருத்திச் சொல்லத் தோன்றவில்லை.