குழாய்க்குள் மூன்று தட்டு

வீட்டின் நிறம் மாறியிருந்தது. அதனால்தான் தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போது கம்பிக்காரனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுருள் கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் கேட்டைத் தள்ளினான். கேட்டின் கீல் நீளமாக முனகியது.

அந்த முனகலை அவன் மூன்று வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தான்.

"என்னங்க, கேட்டுக்கு வெளியிலயே நின்னு அடைப்பை எடுக்கப் போறீங்களா?" சாமான் பையைச் சுமந்து பின்னால் வந்த மனைவி கேட்டாள்.

"இந்த வேலை வேணாம். நம்ம கம்பி இதுக்குப் பத்தாது. வேற ஆளைக் கூப்பிடச் சொல்லிட்டுக் கிளம்பலாம்."

"வீட்டுக்குள்ள காலே வைக்கலை, அதுக்குள்ள கம்பி பத்தாதுன்னு தெரிஞ்சிடுச்சாக்கும்! போன்ல வர்றேன்னு சொன்னது நான். எனக்கு வாக்குன்னு ஒண்ணு இருக்கு." அவனை ஒதுக்கிவிட்டு அவள் உள்ளே நடந்தாள்.

அவளுக்கு இது எந்த வீடு என்று தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அவன் மூன்று வருடங்களாக இந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இந்த வீட்டின் பின்புறக் குழிக்குள்தான் அவள் தம்பி செத்தான்.

அவனை எல்லோரும் எலி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சந்திலும் நுழைந்துவிடுகிற ஒல்லி உடம்பு. கம்பிக்காரனும் எலியும் பதினோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ஒருவன் வீட்டுக்குள் இருந்து கம்பியைத் தள்ளுவான், இன்னொருவன் வெளியே குழியில் பார்ப்பான். நடுவில் சுவர்கள் இருக்கும், கத்தினாலும் கேட்காது. அதனால் சுத்தியலால் குழாயைத் தட்டிப் பேசிக்கொள்வார்கள். இரண்டு தட்டினால் நிறுத்து. மூன்று தட்டினால் உடனே வா. மூன்று கேட்டவன் ஒரு தட்டு பதிலாகத் தட்ட வேண்டும். அதற்கு அர்த்தம், வருகிறேன். அப்படித் தட்டிவிட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

எலி மூன்று தட்டுவதில் ஒரு தாளம் இருக்கும். இரண்டைச் சேர்த்துத் தட்டி, கொஞ்சம் விட்டு மூன்றாவதைத் தட்டுவான். சும்மா இருக்கும்போது விளையாட்டுக்கும் தட்டுவான், அக்கா வீட்டுக் கதவில்கூட. மாமா அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தால், "டீ ஆறிடுச்சா மாமா?" என்று பல்லைக் காட்டுவான்.

தம்பி செத்த மறு மாதம், இனிமேல் நான்தான் உங்களோடு வருவேன் என்று மனைவி கிளம்பிவிட்டாள், தட்டுப் பேச்சையும் கற்றுக்கொண்டாள். இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைக் குழிப் பக்கம் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. கூடவே இரண்டு சட்டங்களும் போட்டாள். குழிக்குள் யாரும் தலையைக்கூட நீட்டக் கூடாது. இடுப்பில் கயிறு கட்டாமல் குழிப் பக்கம் நிற்கக் கூடாது.

"ஒரு சத்தமும் வரலை. இறங்கின நிமிஷமே போயிட்டான்." அன்று ஆஸ்பத்திரியில் கம்பிக்காரன் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தான். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அவர்கள் குடும்பம் நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்காரம்மா வாசலுக்கே ஓடி வந்தாள். இந்த வீட்டை வாங்கி இரண்டு வருடம் ஆகிறதாம், தனியாக இருக்கிறாளாம். "வாங்கப்பா, உங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிரே வருது. நாலு நாளா நரக வேதனை. சமையலறையில பாத்திரம் கழுவினா குளியலறையில தண்ணி எகிறுது. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. பாதியிலயே சாமானை அள்ளிட்டுப் போயிட்டாங்க."

"எதுக்காம்?" என்றாள் மனைவி.

"அதைத்தான் நானும் கேட்டேன். வாயே திறக்கலை."

உள்ளே ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும் நாற்றம் மூக்கை அடைத்தது. பழைய எண்ணெயும் அழுகிய இலையும் கலந்த நாற்றம். அதன் அடியில் இன்னொன்று, அழுகின முட்டை மாதிரி. அந்த நாற்றம் வந்தால் கீழே காற்று கெட்டுக் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அவன் சமையலறைத் தொட்டியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குளியலறைத் தரைத் துவாரத்தில் கருப்புத் தண்ணீர் குமிழியிட்டு ஏறியது. கழிப்பறைக் கோப்பை தளும்பியது.

"ஒரு தொட்டி மட்டும் நின்னா அந்தத் தொட்டியில அடைப்பு. ஒரு இடத்துல ஊத்தினது இன்னொரு இடத்துல ஏறுதுன்னா மெயின் குழாய்ல அடைப்பு" என்றான் வீட்டுக்காரம்மாவிடம். "பொரிச்ச எண்ணெயைத் தொட்டியில ஊத்துவீங்களாம்மா?"

"கொஞ்சூண்டு."

"ஈரத்துணி, துடைக்கிற பேப்பர்?"

"அது தண்ணியில கரைஞ்சிடும்னு பாக்கெட்ல போட்டிருந்ததே!"

"கரையாதும்மா. எங்க வீட்டு அடுப்பு எரியறதே அந்தக் கரையாத பேப்பராலதான்" என்றாள் மனைவி. வீட்டுக்காரம்மா சிரித்தாள். கம்பிக்காரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்புறத்தில் மரம் நன்றாக வளர்ந்திருந்தது. வேர் குழாயின் மூட்டில்தான் புகுந்திருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. மரத்தடியில் அதே குழி, அதே சிமென்ட் மூடி. ஒரு ஆள் தூக்க முடியாத கனம். இருவரும் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி மூடியை ஓரமாகத் தள்ளினார்கள். சிமென்ட்டும் சிமென்ட்டும் உரசி அவன் பல்லைக் கூசவைத்தன. அவன் உள்ளே பார்க்கவில்லை. மனைவியின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையை மரத்தில் கட்டினான்.

"என்ன, இன்னைக்கு மூணு முடிச்சு? கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு இறுக்கலையே."

"குனியாதே" என்றான். "என்ன கேட்டாலும் குனியாதே."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

அவன் உள்ளே வந்து, சுவரோரம் போன வார்ப்பிரும்புக் குழாயின் திருகு மூடியைக் கழற்றிக் கம்பியை விட்டான். பத்தடியில் வழவழவென்று ஒரு தடை. எண்ணெய்க் கட்டி. சுழற்றிக் குத்தியதில் உடைந்தது. இருபதடியில் துணி மாதிரி ஏதோ சிக்கியது. இழுத்துப் பார்த்தான், சாம்பல் நிறத்தில் திரண்ட பேப்பர்கள். முப்பதடியில் கம்பி நின்றுவிட்டது. வேர். முனையில் வெட்டுக்கத்தியை மாட்டித் திரும்பத் தள்ளினான்.

டங் டங்.

டங்.

கம்பி அவன் கையில் அப்படியே நின்றது.

ஜன்னலுக்கு ஓடினான். "நீயா தட்டினே?"

மனைவி குழியை விட்டு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "இல்லையே. நீங்கதானே தட்டினீங்க?"



"என்னங்க..." அவள் குரல் இறங்கியது. "இது எலி தட்டுற மாதிரியே இருக்கு."

"குழாய்ல காத்து. அடைப்பு விடும்போது இப்படித்தான் அடிக்கும்."

"காத்துக்கு எண்ணத் தெரியுமா?"

அவன் குழாய்க்குத் திரும்பினான். சீக்கிரம் முடித்துவிட்டு அவளை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அந்த ஒரு நினைப்போடு வேரை வெறி பிடித்தவன் மாதிரி வெட்டினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரம்மா வந்து, "கொஞ்சம் மூச்சு விட்டுக்கோப்பா" என்று டீ டம்ளரைக் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் டம்ளர் அவன் கையில் இருந்தது.

டங் டங்.

டங்.

இந்த முறை பதில் வந்தது. குழிப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு தட்டு, தெளிவாக.

டங்.

மனைவியிடம் சுத்தியல் இருந்தது. வருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"ஏய்!" என்று கத்தினான். "குனியாதே! ஏய்!"

பதில் இல்லை. ஓட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழியில் அன்று பார்த்த முகம் கண் முன்னால் வந்துவிட்டது. திறந்த வாயும், மேலே பார்த்த கண்ணும். கால் நகரவில்லை. அன்று நின்ற அதே இடத்தில், கையில் அதே மாதிரி ஒரு டம்ளரோடு அவன் நின்றுகொண்டிருந்தான்.

டங் டங்.

டங்.

தூரத்தில் இல்லை. அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், மூடி கழற்றிய குழாய் வாய்க்குள்ளேயே கேட்டது.

டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. அவன் ஓடினான்.

பின்புறத்தில் யாரும் இல்லை. கயிறு மட்டும் மரத்திலிருந்து விறைப்பாகப் போய்க் குழிக்குள் இறங்கியிருந்தது. "அம்மா, வந்து பிடிங்க!" என்று அலறியபடி இழுத்தான். வீட்டுக்காரம்மா வந்து பின்னால் பற்றினாள். கயிறு ஒரு முழம் வந்தது, நின்றது. அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல நின்றது.

"விடுடா..." அவன் அழுதான். "எலி, அவளை விட்டுடுடா."

கயிறு சட்டென்று இளகியது.

மேலே வந்தவளுக்குக் கண் மூடியிருந்தது. தரையில் தள்ளிப் போட்டு முதுகில் ஓங்கித் தட்டினான். ஒன்று, இரண்டு, இருமல் வந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் வலது மணிக்கட்டில் மெல்லிய வேர்கள் ஐந்து சுற்றிக்கொண்டிருந்தன. அவன் அவற்றைப் பிய்த்து எறிந்தான். கீழே தோல் சிவந்திருந்தது.

சுத்தியல் குழிக்கு வெளியே, மூடியின் மேல் கிடந்தது. அப்படியானால் கடைசி மூன்றைத் தட்டியது அவள் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து உட்கார்ந்தாள். வீட்டுக்காரம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தாள்.

"வர்றேன்னு தட்டிட்டேன்ங்க. தட்டிட்டு எப்படிப் போகாம இருக்கிறது?" என்றாள். பிறகு மரத்தைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், கடைசியாக அவனைப் பார்த்தாள். "இந்த வீடுதானே?"

அவன் தலையசைத்தான்.

"அன்னைக்கும் தட்டினானா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். மூன்று வருடமாகச் சொல்லிப் பழகிய பொய்தான், நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆனால் இப்போதுதான் அவளை அந்தக் குழியிலிருந்து இழுத்துப் போட்டிருந்தான்.

"தட்டினான்."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை. கடைசித் தடவை சத்தமே சரியா வரலை."

"நீங்க?"

"விளையாடுறான்னு நினைச்சேன். பதில் தட்டலை. டீ குடிச்சிட்டு இருந்தேன்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. அழுதிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இடுப்புக் கயிற்றை அவளே அவிழ்த்துச் சுருட்டினாள். அந்த மூன்று முடிச்சுகளையும் அவிழ்க்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

அந்த நேரத்தில் வீட்டுக்குள் ஏதோ பெரிய தொண்டை விழுங்குவது போல ஒரு சத்தம். நாலு நாளாக நின்ற தண்ணீர் எல்லாம் ஒரே மூச்சில் இறங்கிவிட்டது. வீட்டுக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மூட்டு உடைந்திருக்கிறது, தோண்டி அந்த நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய் போடுங்கள், மரத்துப் பக்க வேரை வெட்டுங்கள், எண்ணெயைக் குப்பையில் கொட்டுங்கள் என்று கம்பிக்காரன் ஒப்பித்தான். நீயே வந்து செய்துகொடேன் என்றாள் வீட்டுக்காரம்மா. அவன் காதில் விழாத மாதிரி வண்டியை எடுத்தான்.

வீடு வந்ததும் மனைவி சாமான் பையோடு சமையலறைக்குள் போய்விட்டாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கம்பிக்காரன் குளியலறையில் மூன்றாவது முறையாகச் சோப்புப் போட்டான். அந்த நாற்றம் போகவில்லை. அழுகின முட்டை நாற்றம். கையை முகர்ந்து பார்த்தான், கையில் இல்லை. தரைத் துவாரத்திலிருந்து வந்தது.

பின்புறக் குழிவரை இந்த வீட்டுக் குழாய்களை அவனே போட்டான். எல்லாம் பிளாஸ்டிக். தட்டினால் மொத்தென்றுதான் கேட்கும்.

டங் டங்.

டங்.

அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பதில் தட்டினால் வருகிறேன் என்று அர்த்தம். அவன் கையை உயர்த்தவில்லை.

டங் டங்.

டங்.

மூன்றாவது முறை சத்தம் சரியாக வரவில்லை. விரல் நகத்தால் தட்டியது போல இருந்தது.

அப்புறம் சமையலறையிலிருந்து கேட்டது. ஒரே ஒரு தட்டு.

ஈரத்தோடு ஓடினான். மனைவி தொட்டிக்கு அடியில் குந்தியிருந்தாள். கையில் சுத்தியல்.

"என்ன காரியம் பண்ணினே? வர்றேன்னு அர்த்தம் அதுக்கு!"

"தெரியும்" என்றாள் அவள் மெதுவாக. "மூணு வருஷமா பதிலுக்குக் காத்துட்டு இருக்கான். யாராவது சொல்லணும்ல?"

"நீ போகக் கூடாது. நான் விடமாட்டேன்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் அவன் பார்த்திராத பார்வை.

"வர்றது நான்தான்னு நான் சொல்லலையே."

அவள் சுத்தியலைத் தரையில் வைத்தாள். வீடு அமைதியாக இருந்தது. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை.

பின்புறத்தில் குழியின் சிமென்ட் மூடி உரசிக்கொண்டு நகர ஆரம்பித்தது.

அதை நகர்த்த எப்போதும் இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேரும் சமையலறையில்தான் இருந்தார்கள்.