படித்துறைக் கயிறு

படகு இல்லை. கயிறு மட்டும் இருந்தது.

படித்துறைத் தூணில் இரண்டு சுற்று, மேலே ஒரு சுருக்கு. மறுமுனை ஏரிக்குள் இறங்கியிருந்தது. பல் டாக்டர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெறித்துப் பார்த்தார். போன மாதம் அவரே கத்தியால் அறுத்த கயிறு.

ஓய்வுபெற்ற கையோடு, இருந்ததையெல்லாம் கொட்டி வாங்கிய ஏரிக்கரை வீடு. விடுமுறை நாளானால் உல்லாசப் படகுக்காரர்கள் அவர் படித்துறையில் இறங்கித் தின்று, பாடி, குப்பையைப் பரிசளித்துவிட்டுப் போவார்கள். 'தனியார் இடம்' என்று பலகை வைத்தார்; அதில் துண்டு காயப்போட்டார்கள். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்தவருடைய வாய்க்கு இங்கே மதிப்பில்லை.

போன மாதம் ஒருநாள் சூறைக்காற்று. சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் தட்டுத்தடுமாறிப் படகைக் கட்டினான்.

"சார், காத்து அடங்கற வரைக்கும் கட்டிக்கறேன் சார்."

"ஏன், என் கால்ல கட்டிட்டுப் போயேன்!"

அத்தனை நாள் எரிச்சலையும் அந்த ஒருவன்மேல் காட்டிக் கயிற்றை அறுத்தார். காற்று படகோடு அவனை ஏரி நடுவுக்கு இழுத்துப் போனது. அப்போது இனித்தது. மறுநாள் தொப்பி மட்டும் கரை ஒதுங்கியது. மனைவியிடம் மூச்சு விடவில்லை.

இப்போது முடிச்சை அவிழ்த்துத் தண்ணீரில் எறிந்துவிட்டுத் திரும்பினார். தோட்டத்துக் கேட்டில் அதே கயிறு, அதே சுருக்கு, பாசி நாற்றம். ஓடினார். பின்னால் ஈரக்கால்கள் புல்லில் சளக், சளக்கென்று அவசரமே இல்லாமல் வந்தன. வாசல் கம்பியிலும் கயிறு. உள்ளே பாய்ந்து தாழிட்டு, நாற்காலியில் விழுந்தார். மின்சாரம் போயிற்று.

மழை. இருட்டு. பாசி நாற்றம், வீட்டுக்குள்.

மனைவி இருந்த சமையலறைப் பக்கம் பின்கதவு திறந்து மூடிய சத்தம்.

"யாரும்மா?"

"யாரோ தம்பிங்க. பாவம், தெப்பமா நனைஞ்சு நிக்கறாரு. படகு கட்டணுமாம். சாரைக் கேளுப்பான்னு உள்ள அனுப்பினேன்."

"ஐயோ... ஏன்டி அனுப்பினே!"

"எதுக்குக் கத்தறீங்க? எங்க கட்டணும்னு நீங்கதான் அன்னிக்கே சொல்லிட்டீங்களாமே?"

அவர் எழ முயன்றார். முடியவில்லை.

கணுக்காலில் சில்லென்று இரண்டு சுற்று. மேலே ஒரு சுருக்கு. கயிறு தரையோடு நெளிந்து, கதவிடுக்கு வழியே ஏரிப்பக்கம் போயிருந்தது.

மெல்ல, விறைத்தது.