மச்சான் பிடித்த கயிறு

அன்பரசுவுக்கு வலது தோள் காலையிலிருந்தே விட்டு விட்டு வலித்தது. காடாம்புலியூர் முந்திரிக் கிடங்கில் மூட்டை ஏறி ஏறித் தேய்ந்த தோள் அது. புரண்டு படுத்தால் சாக்குத் தையல் பிரிகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம் கேட்கும். அதோடு பசி வேறு. கடலில் இறங்குகிறவன் வெறும் வயிற்றோடு இறங்க வேண்டும் என்று மச்சான் அருண்குமார் சொல்லிவிட்டதால், கயல்விழி காலையில் புருஷனுக்கு டீ மட்டும்தான் கொடுத்தாள். அவள் கையிலிருந்த தூக்கில் புளிசோறு மணத்தது. கரையேறியதும் சாப்பிடலாம் என்று அதையே பார்த்துக்கொண்டு நடந்து வந்தான். பாதி வழியில்தான் அவனுக்கு உறைத்தது. தூக்கு சின்னது. அதில் இரண்டு பேருக்குத்தான் சோறு இருக்கும்.

சாமியார்பேட்டைக்கு வடக்கே, சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் இருந்தது அந்தக் கரை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனதால் பஜ்ஜிக்கடை எண்ணெய்ப் புகையும், குழந்தைகள் கத்துகிற சத்தமும், அண்ணாமலை நகரிலிருந்து பைக்கில் வந்த காலேஜ் பையன்களின் பாட்டும் மணல் முழுக்கப் பரவிக் கிடந்தன. இந்தப் பக்கத்துக் கடல் எப்போதும் கலங்கல்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் சொந்த முழங்கால் தெரியாது. ஆனால் சவுக்குத் தோப்புக்கு நேர் எதிரே, ஒரு நெல்வயல் அகலத்துக்கு மட்டும், தண்ணீர் பாறைக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்து நின்றது. அடி மணலில் நண்டு ஊர்ந்த கோடுகூடத் தெரிந்தது. அந்த இடத்தில் கடல் வாசனையும் இல்லை. உப்பு இல்லை, மீன் கவிச்சி இல்லை. கழுவி விட்ட பாத்திரம் மாதிரி ஒன்றுமே இல்லாத வாசனை. அந்த இடத்தில் ஒருத்தரும் குளிக்கவில்லை.

"பாத்தீங்களா மாமா" என்றான் அருண்குமார். அந்தமானில் சுற்றுலாக்காரர்களுக்கு மாஸ்க் மாட்டிவிட்டுக் கடலுக்குள் மீன் காட்டுகிற வேலையில் இருந்துவிட்டு வந்தவன். "போட்டு வேணாம், டீசல் வேணாம். கரையிலேர்ந்து நடந்தே எறங்குனா மீனு மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும். அதோ, உள்ள முழுவிக் கெடக்குது பாருங்க பழைய கல்லுக்கட்டு, அதுல ஒரு கயித்த கட்டி மிதவை போட்டுட்டா போதும். இந்தப் பசங்க அத புடிச்சிகிட்டே போயி பாத்துட்டு வந்துடுவானுங்க. மூட்டை தூக்குற பொழப்பே ஒங்களுக்கு வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அன்பரசு வந்திருந்தான். போன வாரமே கிடங்கு மேஸ்திரியிடம் கணக்கு முடித்துவிட்டான்.

"நீ எறங்க மாட்டியா மச்சான்?"

"எனக்குக் காது அடச்சிகிட்டு கெடக்குது மாமா. நான் கயிறு புடிக்கிறேன். மலையேறப் போனாலும் மச்சான் தொணை வேணும்னு சும்மாவா சொன்னாங்க? எங்க அக்கா தாலிய நானே அறுப்பனா?"

அன்பரசு சிரித்தான். அவன் அப்பா கிணறு வெட்டப் போனவர். எந்த ஊரில் எந்தக் கிணற்றில் இறங்கினாலும் மேலே கயிறு பிடிக்கிறவன் பெண்டாட்டியின் தம்பியாகத்தான் இருக்க வேண்டும். கூடப் பிறந்தவனை நம்பி இறங்கமாட்டார்கள். அவனுக்குப் பங்கு நிலத்தின் மேல் ஒரு கண் இருக்கும். மச்சானுக்கு அப்படி இல்லை. கயிற்றை விட்டால் அவன் அக்காதான் மூளியாவாள். அதனால் விடமாட்டான். இதை யாரும் அன்பரசுவுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, கேட்டதுமில்லை. வெயில் சுடும் என்பது மாதிரி அது தெரிந்த விஷயம்.

கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு தைலம்மாள் அந்தப் பக்கம் வந்தாள். நின்று, அருண்குமாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா, போன ஆடியிலேர்ந்து கால்கூட நனைக்கல நீ. இப்ப வூட்டு மாப்புள்ளய எறக்குறியா?"

"வேலய பாத்துகிட்டு போவியா?"

"நான் போறேன். எனக்கென்ன." அவள் அன்பரசு பக்கம் திரும்பினாள். "இவனும் காத்தவராயனும் ரெண்டு பேரா எறங்குனானுங்க தம்பி. இவன் மட்டுந்தான் வந்தான். இந்த எடத்துக் கடலு யாரயும் சும்மா வுடாது. வுட்டுச்சுன்னா கடனுக்குத்தான் வுட்டிருக்கும்."

"கருவாடு விக்கலன்னா இதுக்கு வாயி நீண்டுடும்" என்று அருண்குமார் சிரித்தான். அந்த நேரம் ஒரு அலை நுரையோடு மேலேறி வந்தது. சிரித்துக்கொண்டே பின்வாங்கினான். நுரை எதுவரை வந்ததோ அதற்கு ஒரு சாண் தள்ளி அவன் கால் நின்றது. அலை இறங்கியது, பழைய இடத்துக்கு வந்தான். அடுத்தது ஏறியது, விலகினான். கீழே பார்க்கவே இல்லை. அடுப்படியில் பழகிய பெண்ணின் கை சூட்டுக்கு விலகுகிற மாதிரி அவன் கால் தானாக விலகியது.

அன்பரசு அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, காது அடைத்தவன் தண்ணிக்குப் பயப்படுவான்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இடுப்பில் கயிறு கட்டியது கயல்விழி. படகு கட்டுகிற நீல நைலான் கயிறு. குனிந்து முடிச்சுப் போட்டாள். கையில் அப்போதுதான் அரைத்த மாதிரி மஞ்சள் வாசனை. இவ்வளவு புழுக்கத்திலும் முந்தானையைக் கழுத்து மூட இழுத்துச் சுற்றியிருந்தாள். முடிச்சுக்குப் பின்னால் ஒரு ஆள் நீளத்துக்குக் கயிறு மிச்சம் தொங்கியது.

"இந்த வாலு எதுக்கு இம்மாம் நீளம்?"

"தம்பிதான் வுடச் சொன்னான்."

"நீ சாப்புட்டியா?"

அவள் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். அம்மா செத்த வீட்டில் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவளுக்கு அவன்தான் முதல் பிள்ளை என்று அன்பரசுவே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

"ஒரு இழுப்பு இழுத்தீங்கன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம் மாமா" என்றான் அருண்குமார். "ரெண்டு இழுப்புன்னா, என்னை இழுன்னு அர்த்தம். அடுத்த நிமிசம் ஒங்கள கரையில போட்டுடுவேன்."

மாஸ்க் கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்துக் கொடுத்தான், ஆவி படராமல் இருக்க. அன்பரசு மிதவைக் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தான். முதுகுக்குப் பின்னால் கயல்விழியின் குரல் கேட்டது.

"போங்க."

எங்கே கிளம்பினாலும் போயிட்டு வாங்க என்பவள்.

முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் கரை ஒரேயடியாக அணைந்துபோனது. பாட்டு இல்லை, குழந்தைகள் இல்லை. மாஸ்க்கோடு வந்த குழாய்க்குள் அவன் மூச்சு மட்டும் யாரோ பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிற மாதிரி பெரிதாகக் கேட்டது. வாயில் ரப்பர் கசப்பு. தண்ணீர் சில்லென்று தோள் வலியை வாங்கிக்கொண்டது. அதுவே சுகமாக இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு மூட்டை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோனது. அடியில் மணல் வரிவரியாகச் சரிந்துகொண்டே போய், கல்கட்டு கருப்பாகத் தெரிந்தது. அங்கே மீன்கள் இருந்தன. நிறைய இருந்தன. கை நீளத்தில், மஞ்சள் கோடு போட்டவை. எல்லாம் தலையை ஒரே பக்கம் வைத்து, துடுப்பு அசையாமல் நின்றன.

எல்லாம் அவனைப் பார்த்து நின்றன.

ஒரு முறை இழுத்தான். நல்லா இருக்கேன். கரையிலிருந்து ஒரு இழுப்பு பதிலாக வந்தது. நெஞ்சு லேசானது. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, மிதவைக் கயிற்றோடு கல்கட்டுக்குக் கீழே முங்கினான்.

இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு சந்து. அதில் கயிற்றை விட்டுக் கட்டலாம் என்று கையை நீட்டினான். உள்ளே ஏதோ மினுங்கியது. ஒரு மாஸ்க். பாசி பிடித்த பழைய மாஸ்க், பட்டை இற்றுப்போய், கண்ணாடி மேல்பக்கமாக இருந்தது. காத்தவராயனுடையதாக இருக்கும் என்று நினைத்தான். பாவம் என்று நினைத்தான். எடுத்துக்கொண்டு போய் அவன் வீட்டில் கொடுக்கலாம் என்று விரலை வளைத்தான்.

கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படர்ந்தது.

விலகியது. மறுபடி படர்ந்தது.

மூச்சு.

கையை இழுத்துக்கொண்டான். மேலே உதைத்தான். இடுப்பு வரவில்லை. குனிந்து பார்த்தான். மிச்சம் விட்ட வால் சந்துக்குள் போயிருந்தது. தொங்கவில்லை. விறைத்து நின்றது.

கரைக் கயிற்றை இரண்டு முறை இழுத்தான்.

பதில் இல்லை.

மறுபடி இரண்டு. கையில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து. மச்சான். தோள் எலும்பு கழன்றது. மச்சான், இழுடா.

பதில் வந்தது. ஒரே ஒரு இழுப்பு. நல்லா இருக்கேன்.

அது கரையிலிருந்து வரவில்லை. வாலிலிருந்து வந்தது.

கரைக் கயிற்றைப் பற்றிக் கைக்கு மேல் கை வைத்து ஏறப் பார்த்தான். கிணற்றில் அப்பா ஏறுகிற மாதிரி. கயிறு பிடி கொடுக்கவில்லை. இழுக்க இழுக்க வந்தது. சுருள் சுருளாக, லேசாக, அவனைச் சுற்றி இறங்கியது. அறுத்த கயிறாக இருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கல் அறுத்தது, சிப்பி அறுத்தது என்று எதையாவது நினைத்துக்கொண்டிருக்கலாம். நுனி கைக்கு வந்தது. அறுபடவில்லை. நுனியில் ஒன்று முடிந்திருந்தது. நிதானமாக, மூன்று முடிச்சாக.

தாலி.

அவன் கட்டியது. புதிதாக மஞ்சள் தேய்த்திருந்தாள். மஞ்சள் தண்ணீரில் புகையாகக் கரைந்தது. அந்தப் புகை கலைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

மூச்சு விட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று அப்போதுதான் யோசித்தான். நெஞ்சு முட்டவில்லை. பசி இல்லை. தோள் வலிக்கவில்லை. மீன்கள் ஒவ்வொன்றாக அவனை விட்டுத் திரும்பி, கரைப் பக்கம் தலை வைத்து நின்றன.

அவனும் பார்த்தான். தண்ணீர் அவ்வளவு தெளிவு. மணல் மேடேறிக் கரை தொடுகிற இடம் வரை தெரிந்தது. முதலில் மெட்டி கழற்றிய இரண்டு கால் தெரிந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு கால், ஆடி மாசத்திலிருந்து நனையாதவை. அலை வந்தது. அவை விலகவில்லை. நுரை கணுக்கால் ஏறிச் சுற்றியது. மச்சான் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்து, சாவகாசமாக, வேலை முடித்து வந்தவன் மாதிரி கழுவிக்கொண்டிருந்தான்.

அன்பரசு தாலி கட்டிய நுனியைக் கையில் சுற்றிக்கொண்டான். கயிறு நீளமாகத்தான் இருந்தது. அந்தக் கால்கள் வரை எட்டும்.

இரண்டு முறை இழுத்தால், இழுத்துக் கரையில் போட வேண்டும் என்பது பேச்சு. மச்சான் அவனுக்குத் தர வேண்டியது அது ஒன்றுதான். அந்த ஒரு இழுப்பு இன்னும் பாக்கி.