ஷாமிளாவின் சோற்றுக் கிண்ணம்

ஷாமிளா சாப்பிட்டு முடித்துப் பாயில் சுருண்ட பிறகும் அடுப்படியில் யாரோ கிண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. அவள் அம்மா துஷ்யந்தி முதலில் எலி என்றுதான் நினைத்தாள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் எலி இல்லாவிட்டால்தானே அதிசயம்! விறகுக் கட்டையை எடுத்துத் தரையில் இரண்டு தட்டு தட்டினாள். சத்தம் நின்றது. எலியாக இருந்தால் விழுந்தடித்து ஓடுகிற சத்தமாவது கேட்க வேண்டுமே, அது கேட்கவில்லை.

ஓப்பநாயக்க ஊருக்கு மேலே மலையில் இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஜப்பான் சாமான் வந்த வீடு அவளுடையது ஒன்றுதான். அவள் புருஷன் சுதாகரனுக்கு ஜப்பானில் ஏதோ ஒரு கிராமத்து மரக்கறிப் பண்ணையில் வேலை. லீவில் வந்த கூட்டாளியிடம் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பியிருந்தான். உளி போன தடம் தெரியச் செதுக்கிய மர அகப்பை, உள்ளே வரிவரியாகக் கீறிய அரைக்கிற மண்சட்டி, கொல்லன் கையால் அடித்த கத்தி. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய துணியில் சுற்றி, சின்னதாக ஒரு சோற்றுக் கிண்ணம். எல்லாம் கையால் செய்தது, அலுமாரியில் பூட்டி வைக்காமல் தினமும் புழங்கு என்று சொல்லி அனுப்பியிருந்தான். கிண்ணத்துக்கு மழைக்கு முந்தின வானத்து நிறம். அடிப்பக்கத்தில் செய்தவரின் விரல் பதிந்த பள்ளம்கூட இருந்தது. விளிம்பிலிருந்து அடிவரைக்கும் மெல்லிசாக மூன்று பொன் கோடுகள் ஓடின. அது ஏதோ வேலைப்பாடு என்று நினைத்து, லயம் முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டாள், பாவம்.

"இது என் கிண்ணம்" என்றாள் ஷாமிளா. நான்கு வயசுப் பிள்ளைக்கு அப்படி ஒரு பிடிவாதம். அன்றிலிருந்து வேறு தட்டில் போட்டால் தொடுவதில்லை.

பருப்பை ஊற்றிக் குழையக் குழையப் பிசைந்து, முழங்கை வரைக்கும் வழியவிட்டுச் சாப்பிடுகிற பிள்ளை அது. இப்போது பருப்பு வேண்டாம், கறி வேண்டாம், வெறும் வெள்ளைச் சோறு. கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சத்தமில்லாமல் தின்றாள். இதை யார் சொல்லிக்கொடுத்தது? கேட்டால் சிரிப்பாள்.

ஒருநாள் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிவரப் புள்ளக்காம்பராவுக்குப் போனபோது, அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வெள்ளையம்மா அவளை மறித்தாள்.

"என்னா துஷ்யந்தி, புள்ளக்கிச் சோறு போடுறியா இல்லயா? சட்டையக் கழட்டுனா எலும்பு எலும்பா தெரியுது."

"மறுசோறு வாங்கிச் சாப்பிடுறா அக்கா. சட்டியே காலியாவுது."

"அப்ப அந்தச் சோறெல்லாம் எங்க போவுது?"

வழி நெடுக அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. ஷாமிளாவை இடுப்பில் தூக்கினாள். வெறும் கூடையைத் தூக்கின மாதிரி கனமே இல்லை. ஐயோ என் புள்ள, என் புள்ள என்று மனசுக்குள் அழுதுகொண்டே ஏறினாள். நாளைக்கே பெல்மதுளை டவுனுக்குப் போய் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

அன்று பொழுது சாயும்போதே மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போனது. தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சல், மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் கல்லில் விழுகிற சத்தம், எங்கேயோ ஒரு நாய் நனைந்துகொண்டு முனகுகிற சத்தம், இவ்வளவுக்கும் அடியில், மிக மெதுவாக, விட்டு விட்டு, மறுபடியும் அந்தச் சுரண்டல். ஷாமிளா சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். துஷ்யந்தி குப்பி லாம்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே ஒரு வாசம். இங்கத்தைய சாம்பிராணி இல்லை, பழக்கமில்லாத ஏதோ ஊதுபத்தி. சோற்றுச் சட்டியின் மூடி கீழே கிடந்தது. சோற்றின் நடுவில் குழி. அந்தக் குழியில் மர அகப்பை நட்டு வைத்த மாதிரி நேராக நின்றது.

அவள் அப்படி வைக்கவில்லை.

போன் அடித்தது. லாம்பை அடுப்போரம் வைத்துவிட்டு எடுத்தாள். சுதாகரன்.

"அந்தக் கிண்ணம் எங்க வாங்குனீங்க?" வேறெதுவும் கேட்கவில்லை அவள்.

அவன் சிரித்தான். "வாங்கலடி. பக்கத்து வீட்டு வாசல்ல ஒடஞ்சு கெடந்திச்சி. என்னா அருமையான வேல! வீசிட்டுப் போவ மனசு கேக்கல. இங்க ஒடஞ்சத பொன்னு பூசி ஒட்டுவாங்க. நானும் பாத்துப் பழகி ஒட்டிட்டேன்."

"ஏன் வாசல்ல ஒடஞ்சு கெடந்திச்சி?"

"அந்த வீட்டுச் சின்னப் பொண்ணு செத்துப்போச்சி. இந்தப் பக்கம் ஆளுக்கொரு சோத்துக் கிண்ணம் இருக்கும். யாரு அதுல சாப்பிடுறாங்களோ அது அவுங்களோடது. அவுங்க செத்துட்டா, பொணத்த எடுக்கிறப்ப வாசல்ல போட்டு ஒடச்சிருவாங்க. இனி ஒனக்கு இங்க சோறு இல்ல, திரும்பி வராதன்னு அர்த்தமாம். ஒட்டி அனுப்புனதுக்கு அப்புறமாத்தான் எனக்குத் தெரியும். ஏன், என்னா?"

"அட பாவி மனுசா! நம்ம ஆளுங்க சுடுகாட்டுல ஒடச்ச கொடத்த ஒட்டிவச்சி யாராச்சும் தண்ணி மொள்ளுவாங்களா? அதுல என் புள்ளயில்ல சோறு திங்கிது!"

லைன் அறுந்துவிட்டது.

சுரண்டல். இப்போது அவள் முதுகுக்குப் பின்னால்.

அவள் திரும்பவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த கிண்ணத்தைத் தடவி எடுத்தாள். சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கையில் வைத்திருந்த மாதிரி. ஓடினாள். வாசல் திண்ணையான இஸ்தோப்புப் படிக்கு வந்தாள். வெளியே புகையாகப் பனி. தலைக்குமேல் தூக்கினாள். ஓங்கிப் போட்டாள்.

"இனி ஒனக்கு இங்க சோறு இல்ல! போ! திரும்பிப் பாக்காம போ!"

கிண்ணம் சுக்கு நூறானது.

சுரண்டல் நின்றது. ஊதுபத்தி வாசமும் போய்விட்டது. அப்பாடா! நிலைக்கதவில் சாய்ந்துகொண்டாள். போய்த் தொலைந்தது சனியன். நாளைக்குப் பருப்பு ஊற்றிப் பிசைந்து தன் கையாலேயே ஊட்டிவிட வேண்டும்.

பாய் சரசரத்தது.

ஷாமிளா எழுந்து வந்தாள். கண் திறந்திருந்தது. அம்மாவின் பாவாடையை உரசிக்கொண்டு, ஓட்டுச் சில்லுகளின் மேல் வெறுங்காலோடு நடந்து, படி இறங்கினாள். காலில் ரத்தம் வரவில்லை.

"அடியே! எங்க போற?"

எட்டித் தோளைப் பிடித்தாள். பீலித் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது. ஷாமிளா திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு இங்க சோறு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

பிறந்ததிலிருந்து அம்மாவை 'நீ' என்று மட்டுமே கூப்பிட்டவள், இப்போது வேற்று வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

யாருடைய கிண்ணத்தை உடைத்தோம் என்று அப்போதுதான் துஷ்யந்திக்கு விளங்கியது. இத்தனை நாளும் அதில் சாப்பிட்டது ஷாமிளா. பிடித்திருந்த கைக்குள் தோள் இல்லை. சட்டை இல்லை. பனி மட்டும். "ஷாமிளா! சோறு இருக்குடி! வாடி! அம்மா போடுறேன் வாடி!" கத்தினாள். பீலிக்கரை வரை ஓடினாள். மழைதான் பெய்தது.

அடுப்படியில் மறுபடியும் சுரண்டல்.

கிண்ணம்தான் உடைந்து கிடக்கிறதே. பிறகு எதைச் சுரண்டுகிறது?

தட்டுத் தடுமாறிப் படியேறினாள். குப்பி லாம்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில், ஷாமிளாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, முழங்காலை மடித்து, முதுகு வளையாமல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

"அம்மா, இன்னும் கொஞ்சம்."

ஷாமிளாவின் குரல்தான்.

இரண்டு கையையும் சேர்த்துக் கிண்ணம்போலக் குவித்து நீட்டியது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரைக்கும், வெடித்து ஒட்டின தோலின் மேல், மூன்று பொன் கோடுகள் மினுங்கின.