மூலையில் வராத பெருக்கல் குறி

போன் திரையில் வந்த கம்பளி விரிப்பு விளம்பரத்தில் இருந்த தேநீர்க் கிண்ணத்தின் விளிம்பு உடைந்திருந்தது. ஜமீரா வீட்டுக் கிண்ணமும் அதே இடத்தில்தான் உடைந்திருக்கும்.

"சனியனே, போய்த் தொலை!"

விளம்பரத்தை மூடுவதற்கான பெருக்கல் குறியைத் தேடித் தேடி ஜமீராவுக்கு விரல் வலித்தது. மலைக் கணவாயில் லாரிகளை மறிக்கும் தடுப்புக் கட்டையை ஏற்றி இறக்கும் வேலைக்காக ஆபீஸில் அவளுக்குக் கொடுத்த போன் அது. வரும்போதே உள்ளே குந்தியிருந்து விளம்பரம் காட்டும் 'வீட்டுத்துணை' ஆப்பை அழிக்கவே முடியவில்லை.

பனி வாரும் வண்டி ஓட்டும் ஜங்காரச் அவளைப் பார்த்துச் சிரித்தான். "அதோட என்னக்கா மல்லுக்கட்டு? எது கேட்டாலும் 'சரி'ய அமுக்கிட்டுப் போங்க."

அவன் வண்டி உறுமிக்கொண்டு போனதும் அவளுடைய காவல் குடிசையில் நிலக்கரிப் புகை நாற்றமும், தகரத்தில் பனி உரசும் சத்தமும், அடுப்பில் கெட்டில் முனகுவதும் மட்டுமே மிஞ்சின. விளம்பரம் மாறியது. பனி படிந்த படி. நீலக் கதவு. அவள் வீட்டுக் கதவேதான்!

உள்ளே ஏழு வயது மகள் பேகிமாய் தனியாக இருக்கிறாள். அப்பா ரஷ்யாவில். 'என் குதிரைக்குட்டி' என்று அம்மா குரல் கூப்பிட்டால்தான் கதவைத் திறக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

பதறிப்போய் மகளுக்கு போன் போட்டாள். விளம்பரம் குறுக்கே வந்து விழுந்து அனுமதி கேட்டது.

உங்கள் குரலைக் கேட்கலாமா? சரி. முகவரி அறியலாமா? சரி, சரி, எழவே! மூன்றாவதைப் படிக்காமலே அமுக்கினாள். அமுக்கிய பிறகுதான் கண்ணில் பட்டது: வீட்டுக்குள் வரலாமா?

மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"என் குதிரைக்குட்டி, எடுடி கண்ணு..."

வெகுநேரம் கழித்துக் குழந்தை எடுத்தது.

"எதுக்கும்மா போன்? இப்பத்தானே குதிரைக்குட்டின்னு கூப்பிட்டீங்க, கதவத் திறந்துவிட்டேன்?"

"யாருக்குடி?"

"போங்கம்மா, விளையாடாதீங்க. சாம்பல் ஷாலக்கூடக் கழட்டாம உக்காந்திருக்கீங்க. டீ ஆறுது."

அந்தச் சாம்பல் நிற ஷால் இங்கே ஜமீராவின் தோளில் இருந்தது.

இணைப்பு அறுந்தது. திரையில் அவள் வீட்டு அறை. கம்பளி விரிப்பு. பேகிமாய் தேநீர் ஊற்றுகிறாள். எதிரே, ஷால் போர்த்திய ஒரு முதுகு.

அப்போது மூலையில் பெருக்கல் குறி வந்தது, கூடவே ஒரு வரி: விளம்பரம் ஐந்து வினாடியில் தானே மூடிக்கொள்ளும்.

"ஐயோ, மூடாதே!"

நான்கு. மூன்று.

பேகிமாய் சிரித்தபடி கிண்ணத்தை நீட்டினாள். ஷாலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வந்தது. அது கிண்ணத்தைத் தொடவில்லை. குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தது.