நாற்பது நிமிட எரிபொருள்

இன்ஜின் நின்று பதினோரு வினாடி. விமானி த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்தான், பற்றவைக்கும் பொத்தானை அழுத்தினான், இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தான். முள் அசையவில்லை.

"மாப்ள, உயரம்?"

"ஒன்பதாயிரம் அடி. வேகம் சரியா இருக்கு மச்சான். பதறாதீங்க."

பின் சீட்டில் இருந்தவன் அவனுடைய தங்கையின் கணவன். ராடாரும் வழியும் அவன் பொறுப்பு. அங்கே விமானத்தை ஓட்டும் கம்பி கிடையாது.

இந்த விமானத்துக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர். குளிர்ந்த மேகத்துக்குள் த்ராட்டிலைக் குறைத்தால் தூங்கிவிடும், மூன்றாவது தடவை எழுப்பினால்தான் எழுந்திருக்கும். பழுதுப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை. எழுதினால் விமானத்தை ஷெட்டில் தள்ளிவிடுவார்கள், பறக்க ஆள் இருந்தும் விமானம் இருக்காது. அதனால் இதன் குறைகள் எல்லாம் வாய்வழியாகத்தான் கைமாறின.

இரண்டாவது தடவை. கருகிய ரப்பர் வாடை முகமூடிக்குள் புகுந்தது. இன்ஜின் இரைச்சல் இல்லாத விமானி அறைக்குள் இத்தனை நாள் கேட்காத ஓசைகள் ஒவ்வொன்றாக வந்தன. கண்ணாடியின் மேல் காற்று நகத்தால் கீறுவதுபோல, எங்கோ ஒரு தகடு பல் நறநறப்பதுபோல, அவனுடைய மூச்சே வேறொருவன் காதருகே விடுவதுபோல.

"ஐயாயிரம். இன்னும் ஒரு தடவை மச்சான். நம்ம தூங்குமூஞ்சி மூணாவதுக்குத்தானே காபி கேக்கும்!"

மூன்றாவது தடவையாகப் பொத்தானைத் தட்டினான். முள்ளைப் பார்க்கக் காத்திருக்கவில்லை.

"குதி! குதி! குதி!" பதிவுக் கருவியில் தெளிவாக விழும்படி சொன்னான்.

"சரி மச்சான்."

முதலில் பின் சீட், பிறகு முன் சீட். அதுதான் முறை. அவன் முறைக்குக் காத்திருக்கவில்லை. கால்களுக்கு நடுவே இருந்த, சீட்டோடு ஆளை வெளியே எறியும் வளையத்தை இழுத்தான். இடி. முதுகெலும்பில் ஒரு சம்மட்டி. வெள்ளை.

பிறகு அமைதி. பாராசூட் தலைக்கு மேல் புடைத்துக்கொண்டு நின்றது. கீழே வெறும் பொட்டல். மதிய வெயிலில் ஒரு மரத்தின் நிழல்கூட இல்லாத சாம்பல் நிற நிலம்.

வானத்தில் ஒரே ஒரு பாராசூட்.

அப்போதுதான் அது கேட்டது. மேகத்துக்குள் ஒரு உறுமல். தொண்டையைச் செருமி, இருமி, நிதானமாக விழித்துக்கொண்ட உறுமல்.

முன் சீட்டின் பாரம் போனதில் மூக்கு நிமிர்ந்து, ஓட்ட ஆளில்லாத விமானம் இடது பக்கம் லேசாகச் சாய்ந்தபடி மேகத்தை விட்டு வெளியே வந்தது. அவனைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட ஆரம்பித்தது.

நெஞ்சில் செருகியிருந்த மீட்பு வானொலி கரகரத்தது.

"மச்சான்... இன்ஜின் பிடிச்சிருச்சு! நான்தான் சொன்னேன்ல? ஆனா முன்னாடி சீட் காலியா இருக்கு. நீங்க நல்லா இருக்கீங்களா?"

அவன் வானொலியின் பொத்தானை அழுத்தினான்.

"நல்லா... இருக்கேன். நீ இழு."

"இழுத்தேன். வரமாட்டேங்குது."

"பலமா இழு."

"ரெண்டு கையாலயும் இழுக்கறேன் மச்சான். டிக்குனு ஒரு சத்தம் வருது. அவ்ளோதான்."

டிக். வானொலியில் அவனுக்கும் கேட்டது. டிக். டிக்.

எரிபொருள் நாற்பது நிமிடத்துக்கு இருந்தது. இன்ஜின் தூங்கியே இருந்திருந்தால் அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். மாப்பிள்ளைக்கு எதையும் யோசிக்க நேரம் இருந்திருக்காது. ஏன் எழுந்தாய், சனியனே? அந்த நினைப்பு தன்னுடையதுதான் என்று அவனுக்கு உறைத்தது.

இரண்டாவது சுற்று. கொஞ்சம் தாழ்வாக.

"மச்சான், உங்க குடை தெரியுது. கையாட்டறேன், தெரியுதா?"

தெரிந்தது. கண்ணாடிக்குள் ஒரு சின்னக் கை.

"உங்க தங்கச்சிகிட்ட இத சொல்லாதீங்க. அப்புறம் என்னைப் பறக்கவே விடமாட்டா."

டிக்.

மூன்றாவது சுற்று. இன்னும் தாழ்வாக. அவனுடைய உயரத்துக்கே. இரைச்சல் பற்களுக்குள் இறங்கியது.

வானொலி மறுபடி கரகரத்தது. சிரிப்பு இல்லாத குரல்.

"மச்சான். நான் ஏறினதுக்கப்புறம், ஏணிகிட்ட அந்த டெக்னீஷியன் உங்க காதுல என்னமோ சொன்னாரே. நீங்ககூடச் சிரிச்சீங்களே."

அவன் விரல் பொத்தானிலிருந்து விலகியது.

"என்ன சொன்னாரு மச்சான்?"

விமானம் திரும்பியது. பக்கவாட்டில் இல்லை. நேராக அவனை நோக்கி. பின் கண்ணாடியில் ஒரு ஹெல்மெட். கீழே குனியும், நிமிரும். குனியும், நிமிரும். இரண்டு கைகளும் வளையத்தை இழுத்துக்கொண்டே இருந்தன.

டிக்.

பின் சீட்டை வெளியே எறிகிற தோட்டாவைப் பரிசோதனைக்குக் கழற்றியாயிற்று சார், புதுசு நாளைக்குத்தான் வரும் என்று டெக்னீஷியன் சொன்னார். "ஒரே ஒரு ரவுண்டுதானே, மாப்ளகிட்ட சொல்லிடாதீங்க, இறங்கிடுவான்" என்று சொல்லிச் சிரித்தவன் அவன்தான்.